மமதா வீட்டுச் செண்பகங்கள்

லிங்கராஜபுரத்தில் மமதாவின் வீட்டு மாடியில் சாமிநாதன் வாடகைக்கு இருந்தான். அவன் கார் வாங்கியதும்தான் பிரச்சினை தொடங்கியது. கேட்டை ஒட்டி இரண்டு குட்டைச் செண்பகங்கள் புதராக நின்றன. நர்சரியில் மேக்னோலியா என்று விற்கிற வகை. வெண்ணெய் நிறப் பூ விரிந்தால் பழுத்த வாழைப்பழம்போல மணக்கும். கார் நுழையும்போதெல்லாம் அவற்றின் கிளைகள் கதவை உரசின.

“ஒண்ணை மட்டும் எடுத்துடலாமா ஆன்ட்டி?”

“பதியம் போட்டு நானே வளத்தது சாமி. வேணும்னா கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுறேன்.”

கட்டவும் செய்தார். ஆனாலும் ஒருநாள் கதவில் நீளமாகக் கீறல் விழுந்தது. அந்த ஆத்திரத்தில், மமதா கோயிலுக்குப் போயிருந்த சமயம், பாத்ரூம் கழுவும் ஆசிடை எடுத்து இரண்டு செடிகளின் அடியிலும் ஊற்றிவிட்டான்.

சில நாட்களில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. காலையில் மமதா செடிகளின் அருகில் உட்கார்ந்து, தூரைச் சுற்றிச் சருகைப் பரப்பி, அளவாகத் தண்ணீர் விட்டார். வேர் மேலாகவே ஓடும் என்பதால் மண்ணைக் கொத்திப் பார்க்கவும் பயந்தார். சாமிநாதன் அந்தப் பக்கம் பார்க்காமல் காரை எடுக்கப் பழகினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் படியிறங்கும்போது, மமதா மருமகள் சிந்துவைக் கன்னடம் கலந்து திட்டிக்கொண்டிருந்தார்.

“சோப்புத் தண்ணியைச் செடி அடியிலதானே கொட்டினே? எத்தனை வாட்டி பேடா, வேண்டாம்னு சொன்னேன்!”

“சத்தியமா நான் கொட்டல அத்தை.”

“பின்ன வேற யாரு?”

சிந்து அழுதுவிட்டாள். சாமிநாதன் பேசாமல் வெளியே போய்விடத்தான் நினைத்தான். கேட் வரை போனவன் திரும்பி வந்தான்.

“ஆன்ட்டி, அவங்க இல்ல. நான்தான். ஆசிட் ஊத்திட்டேன்.”

மமதா அவன் பக்கம் திரும்பினார். “கோபம்னா என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே. வாயில்லாத செடி என்ன பண்ணுச்சு?” என்றார். பிறகு சிந்துவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அன்றே அவன் கெட்டுப்போன மேல்மண்ணைக் கையாலேயே வழித்தெடுத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, புதுமண் போட்டான். யாரும் தடுக்கவில்லை, உதவவும் வரவில்லை. ஒரு செடி பட்டுப்போனது. மற்றதில் மழைக்காலத்தில்தான் உயிர் தெரிந்தது. அதைச் சிந்துதான் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அண்ணா, தூர்ல துளிர் விட்டிருக்கு பாருங்க.”

குனிந்து பார்த்தான். “ஆன்ட்டி பார்த்தாங்களா?” என்று கேட்டான்.

“பார்த்தாங்க” என்றாள் சிந்து. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவன் அங்கேயே குனிந்திருந்தான்.