வெயிலில் தெரியாத எழுத்து

…அது 'வே'யா 'மே'யா, குனிந்து பார்த்தால் போன் திரையில் என் மூக்குதான் தெரிகிறது, வியர்வை சொட்டும் மூக்கு, ஒன்பது மணிக்கே நாலாவது மாடித் தளத்தில் கம்பி சுடுகிறது, நிழலென்றால் என் தொப்பிக்குக் கீழே இருப்பதுதான். ஊரிலிருந்து மகள் அனுப்பியிருக்கிறாள், மூன்று வரி. குரலில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தவளிடம் போன மாதம் நான்தான் சொன்னேன், இனிமே எழுதியே அனுப்பும்மா, அப்பா படிச்சுக்கறேன் என்று… நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்ற பெருமை சும்மா இருக்கவிடுமா? ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்துவிடுகிறது, மறுபடி தட்டு, மறுபடி முதலிலிருந்து. கூப்பிட்டுக் கேட்கலாம், கேட்டால் அப்பாவுக்குப் படிக்க வரவில்லை என்றாகிவிடும். "என்னண்ணே, கண்ணாடி பாத்துத் தலை வாரிக்கறியா? குடு, நான் படிச்சுச் சொல்றேன்" என்கிறான் பக்கத்தில் கம்பி கட்டுகிறவன். "உன் வேலையப் பாருப்பா." என் மகளின் பேச்சு இவன் வாயிலிருந்து ஏன் வர வேண்டும்?

கம்பிக் கட்டுகளைச் சுமந்துபோட்டுவிட்டு வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன், வெயில்தான் ஏறுகிறது. பழைய பட்டன் போனில் இந்தத் தொல்லை இல்லை, சாம்பல் திரை, கறுப்பு எழுத்து, வெயில் பட்டால் இன்னும் துலக்கம்… அப்போது எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. இந்தப் புதுப் போன் இருட்டுக்கென்றே செய்தது, அறையில் விளக்கணைத்தபின் திறந்தால் கண் கூசும், உடனிருக்கும் ஏழு பேரும் புரண்டு திட்டுவார்கள், ஆனாலும் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். இருட்டு வேண்டும், அவ்வளவுதானே? சட்டையைக் கழற்றித் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், கீழேயிருந்து மேஸ்திரி கத்துகிறார், கத்தட்டும். வெளியூர்ல… வேலை கெடச்சிருக்கு… அணைந்தது, தட்டினேன்… பத்தரைக்கு பஸ். நீங்க இருன்னு சொன்னா… அணைந்தது… இருந்துடறேன்ப்பா.

மணி பதினொன்று ஐந்து. நான் அனுப்புவதை அவள் திறந்ததும் என் போனில் இரண்டு கோடு நீலமாகும், அப்படியானால் அவள் போனிலும் ஆகியிருக்கும், ஒன்பது மணிக்கே… அப்பா படிச்சுட்டார், இருன்னு சொல்லலை, என்று பார்த்துக்கொண்டே இருந்து பஸ் ஏறியிருப்பாளா? இப்போது கூப்பிட்டு வெயில் என்று சொன்னால் நம்புவாளா? "எந்திரிண்ணே, மேஸ்திரி மேல வர்றாரு" என்று வெளியிலிருந்து குரல் கேட்கிறது, சட்டைக்குள்ளேயே இருக்கிறேன். ஒன்பது மணிக்கே முழுதாகப் படித்திருந்தால் மட்டும், இரு என்றா எழுதியிருப்பேன், போ என்றா… அதுவும் தெரியவில்லையே எனக்கு.