ஒரு அறை நீங்கலாக

தம்பி ராம்கியின் கருமாதி முடிந்த மறுநாள், வீட்டு ஓனரம்மா வேதநாயகி கையில் ஒரு டம்ளர் காப்பியோடு மாடியேறி வந்தார். மர்பி டவுனில் அந்த வீட்டில் நானும் என் தம்பியும் குடியிருந்த அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் காப்பி கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"குடிம்மா. ஆறிடப் போவுது."

நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காத நிருபமா. புள்ள சதயத்துல போயிருக்கான். ஆறு மாசம் அடைப்புன்னு ஐயரு சொல்லிட்டாரு."

சில நட்சத்திரங்களில் இறந்தால், உயிர் போன இடத்தைச் சில மாதங்கள் மூடி வைக்க வேண்டும் என்பார்கள். எங்களுடையது ஒரு ஹாலும் சமையலறையும்தான். ராம்கி ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. மூடுவதென்றால் முழு வீட்டையும்தான் மூட வேண்டும்.

"நான் எங்கம்மா போவேன்?"

"மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்க. நான் என்ன கல் நெஞ்சுக்காரியா?" போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "அந்தக் கட்டில யாருக்காவது தானம் குடுத்துடு. செத்தவங்க படுத்தத வெச்சுக்கக் கூடாது."

அந்தக் கட்டில் சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. ராம்கி நெட்டை. சாதாரணக் கட்டிலில் படுத்தால் கணுக்கால் வெளியே தொங்கும். வாரக்கணக்கில் தேடி, ஏதோ வெள்ளைக்காரன் காலத்து பங்களாவிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்த நீளக் கட்டிலை, பிரித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். "ஆறடி மூணு அங்குலத்துக்கும் ஊர்ல ஒரு எடம் கெடச்சிருச்சுக்கா" என்றான். அதைக் கொடுப்பதாக இல்லை. வீடு கிடைத்தால் மட்டும் போதாது, கட்டிலும் நுழைகிற வீடாக இருக்க வேண்டும். நான் தேடப் போனது அப்படியொரு வீட்டை.

நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் யாரோ புரோக்கர் சீனுவின் நம்பரைக் கொடுத்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீடு காட்டுவான். முதல் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். அந்த வீட்டம்மா "யார் யார் இருப்பீங்க?" என்று கேட்டபோது நான் உள்ளதைச் சொன்னேன். தம்பியோடு இருந்தேன், இப்போது தனியாக.

"அய்யோ பாவம். எந்த வீட்டுல?"

"இருந்த வீட்லதான்."

"எப்போ?"

சொன்னேன். அவர் கண்கள் என் காலடியைப் பார்த்தன, நான் எதையோ மிதித்துக்கொண்டு வந்துவிட்டதைப் போல. பிறகு வெளிநாட்டிலிருந்து மகன் திரும்பி வரப்போவது திடீரென்று அவருக்கு நினைவுக்கு வந்தது. வீடு அவனுக்கு வேண்டுமாம்.

கீழே சீனு தலையில் அடித்துக்கொண்டான், ஹெல்மெட்டின் மேலேயே. "மேடம், சும்னே எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க? ஒண்டியா லேடின்னாலே ஓனருங்க ஆயிரம் கேப்பாங்க. இதுல இது வேறயா? தம்பி ஹைதராபாத்ல வேலைல இருக்காருன்னு சொல்லுங்க. முடிஞ்சிச்சு கதை."

"அவன் இல்லைங்க."

"எனக்குத் தெரியும் மேடம். ஓனருக்கு எதுக்குத் தெரியணும்?"

அடுத்த வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை. "தம்பி வந்து போவாரா?" என்று அந்த ஓனர் கேட்டார். "தீபாவளிக்கு வருவான்" என்று என் வாய் சொல்லிற்று. அவன் சீடை தின்றுகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்குவது ஒரு நொடி கண்ணில் தெரிந்தது. படியிறங்கி வந்து சீனுவின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மீன் சமைப்பேன் என்று சொன்னதால் அந்த வீடும் போயிற்று.

அல்சூர் ஏரிப் பக்கம் அந்த ஃபிளாட்டை சீனு காட்டியது மாதக் கடைசி நெருங்கிய நேரத்தில். மூன்றாவது மாடி. லிஃப்ட், காவேரித் தண்ணீர், ஹாலில் நல்ல வெளிச்சம், இரண்டு படுக்கையறை. அந்த ஏரியாவில் ஒற்றை அறைக்கே கேட்கிற வாடகையைவிடக் குறைவு. அட்வான்சும் அதிகமில்லை.

"என்ன கோளாறு?" என்றேன்.

"கோளாறே இல்ல மேடம். ஓனர் பக்கா டீசன்ட். கணேசமூர்த்தின்னு, ரிட்டயர்டு கவர்மென்ட். மூணு தலமொறையா இங்கயே இருக்கிற தமிழ்க்காரங்க. ஒயிட்ஃபீல்டுல பையன் வீட்டோட இருக்காரு."

"கோளாறு இல்லாமலா இந்த வாடகை?"

சீனு முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஒரு ரூமு மட்டும் கொஞ்ச மாசத்துக்குப் பூட்டிதான் இருக்கும். அவங்க சாமான் இருக்கு. அப்புறம் உங்களுக்குத் தந்துடுவாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். அப்புறம்... சாயங்காலம் ஆறு மணிக்கு ஓனர் ஒரு பத்து நிமிஷம் வருவாரு. அவர்கிட்ட ஒரு சாவி இருக்கும்."

"தினமுமா?"

"தினமுந்தான். பெரிய மனுஷன் மேடம். எழுவது வயசு."

பூட்டிய அறையின் கதவருகே போனேன். வீட்டில் மற்றதெல்லாம் பழசு, அந்தக் கதவின் பூட்டு மட்டும் புத்தம் புதுசு. கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி இடைவெளியை அடைத்திருந்தார்கள். குனிந்தபோது எண்ணெய் வாசனை வந்தது. சாமான் வைத்த அறைக்குத் துண்டு எதற்கு? எதிர் ஃபிளாட்டில் ஸ்னேஹா என்ற இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓனர் எப்படி என்று கேட்டேன்.

"அங்கிள் நல்லவருதான்," என்றவள், பூட்டிய அறை என்றதும் குழந்தையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள். "அத நீங்க அவரையே கேட்டுக்குங்க ஆன்ட்டி." கதவு சாத்திக்கொண்டது.

நூலகத்தில் என்னோடு வேலை பார்த்த தீபிகாவிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டாள். "அக்கா, இது கேமரா கேசு. உள்ள மிஷினெல்லாம் வெச்சிருப்பான். டெய்லி வந்து எடுத்துட்டுப் போவான்."

"எழுபது வயசாம்டி."

"எழுவதுன்னா? போன வாரம் எனக்கு ராங் கால் பண்ணது எவ்ளோ வயசுன்னு நெனச்சீங்க?"

சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது. போலி ஓனராக இருக்குமோ? அறையில் வேறு யாராவது இருக்கிறார்களோ? ராம்கி இருந்திருந்தால் அந்தக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாரு சார், வாடகைல பாதி குடுப்பாங்களா?" என்று கேட்டிருப்பான். இல்லாத தம்பியைத்தான் நான் ஹைதராபாத்தில் உட்கார வைத்திருந்தேன்.

அடுத்த நாள், கட்டில் நுழையுமா என்று அளக்க வேண்டும் என்று சொல்லி சீனுவிடம் சாவி வாங்கினேன். ஆறு மணிக்கு முன்னாலேயே தீபிகாவும் நானும் ஃபிளாட்டுக்குள் போனோம். செருப்பையும் உள்ளே எடுத்துக்கொண்டோம். சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றோம். தீபிகா செல்போனில் வீடியோவைத் தயாராக வைத்திருந்தாள். என் கையிலிருந்த அளவு டேப் மேடையில் இடித்து ஒரு முறை சத்தம் போட்டது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

சொன்னபடி அவர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை. வாசலிலேயே செருப்பை விட்டார். குளியலறைக்குப் போய்க் கால் கழுவினார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் பேச்சுக் குரல் வந்தது. தாழ்ந்த குரலில், சாவகாசமாக.

"இன்னிக்கு மெட்ரோல நிக்கவே எடமில்ல. ஒரு புள்ளயாண்டான் எந்திரிச்சு எடம் குடுத்தான். நான் வேணாம்னேன். நீ இருந்தா திட்டியிருப்ப."

தீபிகா என் காதில் மூச்சோடு சொன்னாள். "உள்ள ஆள் இருக்குக்கா. அடச்சு வெச்சிருக்கான்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. நான்கு எட்டில் ஹாலைக் கடந்து, பாதி திறந்திருந்த கதவைத் தள்ளினேன்.

அறையில் அவரைத் தவிர யாருமில்லை. சாமானும் இல்லை. மூலையில் ஓர் அகல் விளக்கு, அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், மடித்து வைத்த ஒரு நூல் புடவை. அவர் கையில் நல்லெண்ணெய் பாட்டில். தரையில் கட்டிலின் நான்கு கால்கள் பதிந்த தடம் மட்டும் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவுக்கடியில் துண்டு ஏன் என்று எனக்கு இப்போது புரிந்தது. சுடர் அணையக் கூடாது.

அடைப்பு. ஊரெல்லாம் அதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னை வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சொந்த வீடு இருப்பவர்கள் ஓர் அறையை மட்டும் மூடி, அந்தியில் விளக்கேற்றிவிட்டு மற்ற அறைகளில் இருந்துகொள்வார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கேமரா, போலி ஓனர், அடைத்து வைத்த ஆள் என்று எல்லாம் தோன்றிய எனக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"யாரும்மா நீங்க?" அவர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். பின்னால் செல்போனை நீட்டியபடி தீபிகா. "போலீஸா?"

"வீடு பார்க்க வந்தவ சார். சீனு சொல்லியிருப்பாரு."

"வீடு பாக்கறவங்க இருட்டுல நின்னா பாப்பாங்க?"

"ஓனருங்க உண்மையச் சொன்னா நாங்க ஏன் சார் இருட்டுல நிக்கப் போறோம்?" என்றாள் தீபிகா. ஆனால் செல்போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

அவர் விளக்கின் முன் உட்கார்ந்துவிட்டார். "என் வீட்டுக்காரி. கோமளம். ரேவதி நட்சத்திரம். மாமி, சித்தி எல்லாரும் சேர்ந்து கட்டில மொதல்ல வெளிய தூக்குன்னாங்க. தூக்கிட்டேன். சொல்லி வீடு குடுத்தா யாரும்மா வருவா? வந்தவங்க மூணு பேரும் ஓடிட்டாங்க. அப்புறம்தான் சாமான்னு சொல்லச் சொன்னேன்."

"பூட்டியே போட்டிருக்கலாமே சார்? ஆறு மாசந்தானே?"

"பையனும் அதான் சொல்றான்." அவர் திரியை விரலால் சரி செய்தார். "அவளுக்குத் தனியா இருக்கப் பயம்மா. நான் டூர் போனா எதிர் வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டு ஹால்ல படுக்க வெச்சுப்பா. ஹால்ல ஒரு ஃபேன் ஓடணும், டிவி சத்தம் கேக்கணும். அவ்ளோதான். வாடகை எவ்ளோ வந்தா என்ன?"

நான் சொல்லாமல் போயிருக்கலாம். வீடு ஏறக்குறைய என் கையில் இருந்தது. சீனு சொல்லிக்கொடுத்த தம்பி ஹைதராபாத்தில் பத்திரமாக இருந்தான். ஆனால் அந்த விளக்கின் முன் நின்று தீபாவளிக்கு வருவான் என்று இன்னொரு தடவை என்னால் சொல்ல முடியவில்லை.

"எனக்கும் அடைப்புதான் சார்," என்றேன். "தம்பி. போன மாசம். அதனாலதான் வீடு மாத்தறேன்."

அவர் முகம் மாறியது. ரிச்சர்ட்ஸ் டவுன் அம்மாவின் அதே பார்வை, என் காலடியை நோக்கி.

"ஹௌதா? அப்படியா? எந்த நட்சத்திரம்?"

"சதயம்."

"ஓ." அவர் விரல்கள் மடங்கி விரிந்தன. "அதுவும் ஆறு மாசம். ரெண்டும் ஒண்ணா ஒரே வீட்டுல..." தீபிகா என் புடவைத் தலைப்பை இழுத்தாள். போகலாம் என்று அர்த்தம். இதையே மறைத்து வீடு விடப் பார்த்தவர், என்னைப் பார்த்துப் பயந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். களைப்புதான் வந்தது.

நான் திரும்பினேன். வாசல் வரை போனபோது அவர் கேட்டார்.

"அங்க யாரும்மா ஏத்தறா?"

"எதை சார்?"

"வெளக்கு."

"யாருமில்ல. ஓனரம்மா பூட்டப் போறாங்க. உள்ள யாரையும் விட மாட்டாங்க."

"இருட்டுலயா?" என்றார். அவர் குரலில் அதிர்ச்சி அசலாக இருந்தது. "ஆறு மாசமும் இருட்டுலயா கெடக்கணும் அந்தப் புள்ள?"

அவர் துணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். இன்னோர் அகல் எடுத்தார். உடைந்தால் மாற்ற வைத்திருப்பார் போல. கோமளத்தின் விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். எண்ணெய் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது சாஸ்திரத்துல இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீ யார்கிட்டயும் கேக்காத. தருண்கிட்ட மட்டும் சொல்லிடாத. என் பையன். ரெண்டு அடைப்புன்னா என்னையே வீட்ட விட்டு வெரட்டிடுவான். சீனு சொன்ன மாதிரி தம்பி ஹைதராபாத்துலன்னே சொல்லிக்கோ."

"சொல்ல மாட்டேன் சார்," என்றேன். "ஆனா ஹைதராபாத்னும் சொல்ல மாட்டேன்."

தீக்குச்சியை நான்தான் கிழித்தேன்.

மாதக் கடைசியில் அந்த வீட்டுக்குக் குடிபோனேன். தருண் போன் செய்து தம்பி எங்கே என்று கேட்டபோது, அவன் இப்போது என்னோடு இல்லை என்று சொன்னேன். தருண் மேற்கொண்டு கேட்கவில்லை. நீளக் கட்டிலைப் பிரித்து ஹால் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஆறு மணிக்குச் சாவி திரும்பும். சில நாள் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். மழையில் மெட்ரோ நின்றுபோன நாட்களில் கணேசமூர்த்தி எனக்குப் போன் செய்வார், விளக்குகளை நான் ஏற்றுவேன். அறையின் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னது முதல் தடவை போனில்தான். ஷூ ஸ்டாண்டில், எனக்கு எட்டும் இடத்தில், நான் வந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அவ்வளவு சந்தேகப்பட்ட நான் அங்கே ஒரு முறைகூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை.

கோமளத்தின் ஆறு மாதம் முடிந்தபோது ஐயர் வந்தார், ஜன்னலைத் திறந்தார்கள். ராம்கிக்கு இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. கணேசமூர்த்தி ஐயரிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் தினமும் வருவதை நிறுத்தவில்லை. அதுவும் முடிந்த பிறகு, "இனிமே ரூமு உன்னுது" என்று பூட்டை என் கையில் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து வாடகையும் ஏறியது. அது பேசியதுதான்.

கட்டிலை அந்த அறையில் பொருத்த சீனு வந்து உதவினான். பழைய கட்டிலின் நான்கு தடங்கள் தரையில் அப்படியே இருந்தன. ராம்கியின் கட்டில் நீளம். அதன் கால்கள் அந்தத் தடங்களைத் தாண்டி வெளியேதான் நின்றன.

"கரெக்டா வெக்கலாமா மேடம்?" என்றான் சீனு.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.