நூற்றுக்கு இரண்டு

கட்டைக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பெண்டாட்டி மேல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பகலில் மூட்டை தூக்குவான், வாரக்கடைசியில் பழைய கிடங்கில் குஸ்தி பிடிப்பான்.

போன குஸ்தியில் எதிராளியின் கை இவன் தோளில் வழுக்கிவிட்டது. எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கத்தினார்கள். எதிராளியின் ஆட்கள் இவனைச் சுவரோடு வைத்து அமுக்கி, சுண்டுவிரலை ஒடித்துவிட்டுத்தான் போனார்கள். இன்னொரு தரம் உடம்பில் எண்ணெய் தெரிந்தால் கிடங்கு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். நடுவர் லாரி ஓட்டிக் கிழடானவர். சொன்னால் சொன்னதுதான்.

கட்டை எண்ணெய் தொடவே இல்லை. வினை சோப்பில் இருந்தது. அவன் பெண்டாட்டி வீட்டிலேயே எண்ணெயில் காஸ்டிக் சோடாவைக் கலக்கிச் சோப்புப் போடுகிறவள். சோடா தின்றது போக நூற்றுக்கு எட்டுப் பங்கு எண்ணெய் மிஞ்சும்படி அளப்பாள். அந்த மிச்சம் இல்லாவிட்டால் அவனுடைய வறட்டுத் தோல் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துவிடும்.

"இந்தத் தடவ மிச்சமே இருக்கக் கூடாது" என்றான்.

"சோடா ஒரு சிட்டிக கூடிப்போச்சுன்னா தோலு உரிஞ்சிடும்யா. நூத்துக்கு ரெண்டாவது இருக்கட்டும்."

"ரெண்டுன்னு சொல்லிட்டு எட்டு வைப்ப."

"ஆமா, உன்னைக் கொழுக்க வைக்கணும்னு எனக்கு வேண்டுதல் பாரு."

அவள் அச்சுப்பெட்டி எடுக்க உள்ளே போனாள். கட்டை சட்டியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெயை மொண்டு சாக்கடையில் ஊற்றிவிட்டு, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டான். அவள் வந்து சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினாள்.

ஒடிந்த விரல் கூடும்வரை வாரக்கணக்கில் காய்ந்த பிறகு சோப்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து நின்றது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"நாக்குல வச்சுப் பாக்காம எடுக்காத. சுருக்குன்னு அடிச்சா சோடா மிச்சம் கிடக்குன்னு அர்த்தம்."

"சோப்பக் கொறிக்க நான் என்ன எலியா?"

ஒரு கட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். தினமும் கிடங்குக் குழாயடியில் அதைப் போட்டுத் தேய்த்துக் குளித்தான். எரிந்தது. எரிய எரிய, எண்ணெய் கழன்று போகிறது என்று சந்தோஷப்பட்டான். வீட்டில் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை.

குஸ்தியன்று எதிரே நின்றவன் உடும்பு. பிடித்தால் விடமாட்டான் என்பதால் வந்த பெயர். நடுவர் ஒரு பழுப்புக் காகிதத்தைக் கட்டையின் முதுகில் அழுத்தி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொட்டு எண்ணெய் இல்லை.

"என்னடா, உப்புக்கண்டம் மாதிரி வந்திருக்க?" என்றான் உடும்பு.

"கடிச்சுப் பாரு. பல்லு போகும்."

உடும்பு பாய்ந்து இரண்டு கைகளாலும் அவன் விலாவைச் சுற்றிப் பூட்டுப் போட்டான். கட்டை திமிறினான். பூட்டு நகரவில்லை, தோல் நகர்ந்தது. அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து உடும்பின் நகத்தில் தொங்கியது. கட்டை போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. உடும்பு விடாமல் கழுத்தைப் பிடித்தான், அங்கேயும் கிழிந்தது. ரத்தம் விலாவெல்லாம், முதுகெல்லாம் வழிந்தது. அடுத்த பிடி வழுக்கியது. அதற்கடுத்ததும் வழுக்கியது. உருவிக்கொண்டு வெளியே வந்த கட்டை, அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி முழங்காலால் ஓங்கி இடித்தான். தோள்மூட்டு கழன்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

"எண்ணெ! எண்ணெ பூசியிருக்கான்!" என்று உடும்பின் ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள்.

நடுவர் இன்னொரு காகிதத்தை எடுத்துக் கட்டையின் முதுகில் அழுத்தினார். சிவப்பாக நனைந்து பிய்ந்து வந்தது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்த எண்ணெ எந்தக் கடையிலடா விக்குது? போங்கடா!"

கட்டை ஜெயித்தவனாக வீட்டுக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பெண்டாட்டி அதை உரித்தாள், பார்த்தாள். அவன் பையிலிருந்த சோப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். சுருக்கென்று அடித்தது. துப்பினாள்.

"ரெண்டு வச்சேனே. எங்க போச்சு?"

"நீதான் சோடாவக் கூட்டிட்ட. உன்னை நம்பினேன் பாரு…"

அவள் அவன் தலைமயிரைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் குப்புறத் தள்ளினாள். ஈரக் கட்டியைப் பச்சைப் புண்ணில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். உடும்பு கழுத்தைக் கிழித்தபோதுகூட அவன் அப்படிக் கத்தவில்லை.

"எவ்வளவு எடுத்த?"

"நான் எதையும் எடுக்கலடி!"

இன்னொரு இழுப்பு.

"ஒரு கரண்டி! ஒரு கரண்டிதான்!"

"பெரிய கரண்டியா, சின்னதா?"

கட்டி மறுபடி முதுகைத் தொட்டது.

"பெருசு! பெருசுடி!"

அவள் சோப்பைச் சாக்கடையில் விட்டெறிந்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அவன் பிடரியில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, சோடா போகும்வரை வாளி வாளியாக ஊற்றினாள்.