பாண் குருவியின் முதுகு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. 1994 ஒக்ரோபரில், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ரின் உடுப்புத் தோய்க்கும் அறையில், யோகமலர் அக்கா என்னிடம் கேட்ட ஓர் உதவியிலிருந்து வந்தது. மெஷின் சுற்றி முடிந்தது. பிறகு அவர் ஒரு கைலேஞ்சித் துணியை விரித்தார். உள்ளே பாண் ரொட்டியில் செய்த குருவி, பெருவிரல் நுனியளவு. முதுகில் சிவப்பு.

“தம்பி, நீர் கதை எழுதுறனீர்தானே. மக்டலீனுக்கு உந்தச் சிவப்பை என்னெண்டு சொல்லுறதெண்டு ஒரு வசனம் எழுதித் தாரும்.”

2

முதல் தொடக்கம்: ‘நாஜி வதைமுகாமில் பசித்திருந்த ஒரு பெண், தன் பங்குப் பாணைத் தின்னாமல்—’

(இங்கே பசியைப் பற்றி நாலு வசனங்கள் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எழுதியவை. வெட்டிவிட்டேன்.)

தெரிந்தது இவ்வளவுதான். மக்டலீன், யோகமலரின் பக்கத்துக் கதவு. ஹங்கேரியிலிருந்து வந்த யூத மூதாட்டி. முகாமில் அவருடைய பிறந்தநாளுக்கு அவருடைய தமக்கை பாணைப் பிசைந்து இந்தக் குருவியைச் செய்து கொடுத்தாள். தமக்கை திரும்பவில்லை. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. குருவியின் முதுகில் அவளுடைய விரல்ரேகை மட்டும் காய்ந்து கிடந்தது.* இடுப்பு ஒப்பரேஷனுக்குப் போகும்போது மக்டலீன் அதை யோகமலரிடம் கொடுத்தார். “பத்திரமாக வை.”

* முகாமிலிருந்து அதை எப்படி வெளியே கொண்டுவந்தார்? அவ்வளவு பசியில் பாண் எந்தக் கணத்தில் குருவியாகத் தெரியத் தொடங்குகிறது? இரண்டையும் கேட்க ஆசை. வாய் வரவில்லை.

3

பத்திரமான இடம் என்றால் எங்கள் வீடுகளில் சாமித்தட்டுத்தான். நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசையன்று புத்தகம், தையல் மெஷின், கார்த் திறப்புக் கொத்து எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார் யோகமலர்.

“எல்லாத்துக்கும் வைச்சிட்டு உந்தக் குருவியை மட்டும் விட்டால், ஆரோ பிறத்தியார் வீட்டுப் பிள்ளை மாதிரியெல்லோ நிண்டிருக்கும்?”

ஈரச் சந்தனத்தில் பாண் இளகிவிட்டது. துடைத்துப் பார்த்தபோது பழைய ரேகை இல்லை. அந்த இடத்தில் யோகமலருடைய ரேகை பதிந்திருந்தது.

4

‘வெயில் பட்டு நிறம் மாறிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“ஒக்ரோபரில என்ன வெயில் தம்பி? உம்மட கதையளும் உப்பிடித்தானோ?”

நான் எழுதிய வேறொரு முடிவில் மக்டலீன் சிரித்து மன்னித்தார். அவர் மன்னிப்பதை நான் எப்படி எழுதலாம்? செத்த ஒருத்தியின் ரேகைமேல் நானும்—

5

மக்டலீன் வீடு திரும்பிய அன்று மொழிபெயர்க்கக் கூடப் போனேன். உண்மையை எழுதிய தாள் சட்டைப்பைக்குள் இருந்தது. யோகமலர் என் பக்கம் திரும்பவேயில்லை. குருவியை நீட்டினார். தன் நெற்றிப் பொட்டைத் தொட்டார். பிறகு குருவியின் முதுகைக் காட்டினார். “சொறி” என்றார் ஆங்கிலத்தில். “என்ர விரல்.”

மக்டலீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குருவியைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அந்த மௌனத்துக்குள் போட என்னிடம் வசனம் இருந்தது. போடவில்லை.

நான் மொழிபெயர்த்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்த விரல்?”

யோகமலர் மோதிர விரலை நீட்டினார். மக்டலீன் அதைப் பிடித்து, ரேகை தெரியும்படி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

இன்னும் விடவில்லை.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுவதானால், கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள்.