மாடிச் சன்னலில் சிவப்புத் துணி

படகுப் போட்டி நாளில் அந்த ஏரிக்கரைத் தேநீர் மண்டபத்தின் மாடிச் சன்னலோரம் இடம்பிடிக்க விடியலிலேயே வந்துவிட வேண்டும். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கூ லியாங்சாய், பனி விலகுமுன் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள் ஷூவென் இன்றுதான் முதன்முறையாகப் பச்சை டிராகன் படகில் முரசு கொட்டப் போகிறாள்.

முரசு கொட்டுபவர் படகின் முனையில், துடுப்பாளர்களுக்கு எதிர்முகமாக, பின்னோக்கி அமர்வது வழக்கம். படகு மண்டபத்தடியிலிருந்து எதிர்க்கரை சேரும்வரை அவள் கண்ணெதிரே இருப்பது இந்தச் சன்னல்தான். கூட்டத்தைக் கண்டால் ஷூவெனுக்குக் கை தாளம் தப்பிப் பறக்கும். முரசு பறந்தால் துடுப்புகள் முட்டிக்கொள்ளும். ஆகவே தந்தை சிவப்புத் துணியை நிதானமாக ஏற்றி இறக்குவது, அதைப் பார்த்து அவள் அடிப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தனர்.

படித்துறையில் படகுகளை நீரில் இறக்கும் வெடிச்சத்தம் கேட்டதும் லியாங்சாய் துள்ளி எழுந்தார். அந்த மண்டபத்து வழக்கப்படி, தேநீர்க் கிண்ணத்தின் மூடியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவார் என்று பொருள். கிண்ணத்தின்மேல் மல்லாத்தி வைத்தால் குடித்து முடித்தாயிற்று, இடம் காலி என்று பொருள். மகளைப் பார்க்கும் அவசரத்தில் அவர் மூடியை மல்லாத்திவிட்டுப் படியிறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது அவர் இடத்தில் எதிரணியான மஞ்சள் படகு ஊரைச் சேர்ந்த பாவ் திங்ஷான், தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். கூடு பறிபோன குருவியைப் போல லியாங்சாய் சுற்றிச் சுற்றி வந்து மன்றாடினார். மூடி மூடிதான் என்று கூடமே சிரித்தது.

பாவ் மெல்ல நகர்ந்தார். "பாதி சன்னல எடுத்துக்க தம்பி. எங்க படகு ஜெயிக்கிறப்போ நீ அழுவுறத நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

படகுகள் பாய்ந்தன. லியாங்சாய் துணியை வீசினார். மஞ்சள் படகு முந்தியது. பச்சையின் துடுப்புகள் குழம்பி நீரை வாரி இறைத்தன. முரசு தடதடத்தது. அவரோ இன்னும் வேகமாக வீசினார்.

பாவ் முகம் சுளித்தார். அவரும் ஒருகாலத்தில் முரசு கொட்டியவர்.

"யோவ், பொண்ணு சரியாத்தான் அடிக்குது. உன் கைதான் பறக்குது. உன்னயப் பாத்துத்தானய்யா அது கெடுது."

"என்னால நிறுத்த முடியலண்ணே."

பாவ் துணியைப் பிடுங்கினார். சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மூச்சு விடுவதுபோல் ஏற்றினார், இறக்கினார். முரசு ஒருகணம் தயங்கியது; பிறகு அந்தக் கையோடு சேர்ந்துகொண்டது. துடுப்புகள் ஒரே இறக்கையாக விரிந்து மடங்கின. மாடியே எழுந்து நின்றது. எதிர்க்கரையில் படகுகள் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, இடைவெளியே இல்லை. வென்ற படகைக் காட்டப் பச்சைக் கொடி ஏறியது.

கீழே நின்ற மஞ்சள் ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பாவ் திங்ஷானைத் திட்டத் தொடங்கினர். இனி ஊருக்குள் காலெடுத்து வைக்காதே என்றான் அவருடைய மருமகன்.

"அதுக்காக ஒரு முரசு கெட்டுப் போறத என் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியாடா?" என்று பாவ் சன்னலிலிருந்து கத்தினார். கை இன்னும் துணியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

லியாங்சாய் அந்தக் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாடு தம் வீட்டில்தான் என்று மட்டும் சொன்னார்.