வெள்ளிக்கிழமைச் சாளை

சனிக்கிழமை காலையில் ஜிம்மியின் வயிறு மறுபடியும் சிவந்திருந்தது. எமில்டா அலுப்போடு மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்தாள்.

நாயின் அரிப்புக்கு மீன்தான் காரணமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எட்டு வாரம் ஆட்டுக்கறியும் சோறும் மட்டுமே கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு வாய் மீன் போனாலும் உடம்பு அதைப் பகையாக எண்ணிப் பல நாள் அரிக்கும். அதுவரை காத்திருந்ததெல்லாம் வீண்.

ஐந்து வாரம் ஆகியும் ஜிம்மி தன்னையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. அதுவும் சனிக்கிழமைதோறும் கூடுதலாக. வெள்ளிக்கிழமை மாலை அவள் கோவிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போய்விடுவாள். அன்று நாய்க்குச் சோறு வைப்பவன் கணவன் ரோச்.

“நேத்து இதுக்கு என்ன வச்சீங்க?”

“சாளை மீனுதான். முள்ளெல்லாம் எடுத்துட்டுத்தான் வச்சேன்.”

“எல்லா வெள்ளிக்கிழமையுமா?”

“பின்ன? தபசு காலத்து வெள்ளிக்கிழமை வீட்டுல கறி புழங்கலாமா, ஏளா? மீனுதான் ஆகும்.”

“இது எப்ப ஞானஸ்நானம் வாங்கிச்சு?”

ரோச் ஜிம்மியின் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எமில்டா காலண்டரில் ஐந்து வாரக் கணக்கையும் அடித்துவிட்டு, அன்றைய தேதிக்குக் கீழே ஒன்று என்று எழுதினாள்.

“வர்ற வெள்ளிக்கிழமை கறிய நானே வேகவைக்கேன்,” என்றான் ரோச்.