லேபிள் இல்லாத டப்பா

“இன்னும் தடவலியாடி?” என்று பாப்பாத்தி மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, அவள் கையில் அந்த வெள்ளை டப்பா திறந்தே இருந்தது. ஒரு விரல் கிரீமை எடுத்துக்கொண்டு மகளின் முகத்துக்குக் கையை நீட்டினாள். தேவிப்ரியா சுவரோடு ஒண்டினாள். அவள் கன்னம் இரண்டும் வெந்நீர் கொட்டினதுபோல் சிவந்து கிடந்தன. மூக்கோரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

“எரியுதும்மா. காத்துப் பட்டாலே எரியுது.”

“எரிஞ்சாதான் கறுப்பு எறங்குதுன்னு அர்த்தமாம், இலக்கியாவே சொல்லிச்சி. இன்னும் இருபத்தாறு நாளுதான். பல்லக் கடிச்சிக்கினு இரு.”

இலக்கியா மாப்பிள்ளை பிரவீன்குமாரின் அக்கா. கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எலவனாசூர்கோட்டைக்குப் பெண் பார்க்க வந்த அன்று, கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தேவிப்ரியாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கையோடு ஒட்டிவைத்து எல்லாருக்கும் காட்டினாள். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். பெண் லட்சணம்தான், கலர்தான் கம்மி, மூன்று மாதத்தில் ஏற்றிவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். கூடத்தில் இருந்த இருபது பேரும் தலையாட்டினார்கள். பிரவீன்குமாரும் ஆட்டினான். அவன் தேவிப்ரியாவைவிட இரண்டு பங்கு கறுப்பு. அவன் கையை யாரும் யாரோடும் ஒட்டிவைத்துப் பார்க்கவில்லை.

நிச்சயம் முடிந்த மறுநாளே டப்பா வந்துவிட்டது. வெயிலுக்குப் போடுகிற சன் கிரீமாம், பார்லரிலேயே கலந்ததாம். கூடவே கண்டிஷன்களும் வந்தன. வேலைக்கு ஸ்கூட்டியில் போகக் கூடாது, பஸ்ஸில் போக வேண்டும். சோளக் கொல்லைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அப்பா கந்தசாமி ஊரில் நாலு பேரை அதட்டிப் பேசுகிறவர். ஆறு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறவர். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, அவர்கள் சொல்கிறபடி செய்துவிட்டுப் போ என்றதோடு சரி.

தேவிப்ரியா ஒன்றும் தெரியாத பெண் அல்ல. டி.பார்ம் படித்துவிட்டு நாலு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். முதல் வாரமே முகம் பளபளவென்று வெளுத்தபோது அவளுக்குப் புரிந்துபோயிற்று. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத ஸ்டீராய்டு ஆயின்ட்மெண்டை இதில் கலந்திருக்கிறார்கள். அது முதலில் வெளுத்துக் காட்டும், பிறகு தோலை உரிக்கும். அந்த ட்யூபைக் கேட்டு பார்லர்காரிகள் கடைக்கு வருவார்கள். முதலாளி கண்ணைக் காட்டுவார். சீட்டு எங்கே என்று கேட்காமல் அவளே எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அது யார் முகத்துக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கடைசியில் தன் முகத்துக்கே வந்து சேர்ந்தது. தெரிந்தும் தடவினாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று, இதுவும் போனால் ஊர் வாயில் விழுந்து எழ முடியாது என்று அம்மா அழுததற்காகத் தடவினாள். இப்போது நினைத்தால் இலக்கியாமேல் வருகிற அருவருப்பைவிடத் தன்மேல் வருகிற அருவருப்பு ஜாஸ்தியாக இருந்தது.

அன்றைக்கு அவள் அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு நேராகத் தோல் டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டது, யார் கலந்து கொடுத்தது என்றுதான். மாதத்துக்குப் பத்துப் பெண்கள் இப்படி வருகிறார்களாம். அதைத் தொடவே கூடாது என்று மருந்து எழுதினார். டப்பாவை அடுத்த தடவை கொண்டுவரச் சொன்னார், புகார் எழுத வேண்டுமாம். பிறகு நிதானமாகச் சொன்னார். சன் ஸ்கிரீன் என்று எவன் எதைக் கொடுத்தாலும் முதலில் லேபிளைப் பார்க்க வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எங்கே தயாரித்தது, எப்போது காலாவதி என்று அச்சடித்திருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையக் கூடாது. வெயிலில் வருகிற இரண்டு வகைப் புறஊதாக் கதிரையும் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் புண்பட்ட தோலுக்கு வாசனை சேர்க்காத ஜிங்க் ஆக்சைடுதான் நல்லது. வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் போட வேண்டும். இத்தனையும் அவள் பரீட்சைக்குப் படித்ததுதான். பரீட்சையில் எழுதிவிட்டு வந்து, வீட்டில் பேர் ஊர் இல்லாத டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தவள் அவள்.

வாங்கி வந்த ட்யூபை பாப்பாத்தி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது வெளுக்குமா?”

“வெளுக்காது. வெயில் தோலக் கெடுக்காம பாத்துக்கும்.”

“வெளுக்காத கிரீம் எதுக்குடி?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று தேவிப்ரியா டப்பாவைத் தேடினாள். பீரோவில் இல்லை, அலமாரியிலும் இல்லை. அம்மாவைக் கேட்டதற்கு, அரிசி புடைத்துக்கொண்டே பதில் வந்தது.

“நீதான் தொடமாட்டன்னுட்டியே. வீணாப் போவ வேணாமேன்னு முந்தாநேத்து இருசம்மாகிட்ட குடுத்துட்டேன். அவ பொண்ணு ஷாலினியப் பாக்க ஆளு வருதாம்.”

“என் மூஞ்சியப் பாத்துக்கினே குடுத்தியாம்மா?”

“அதுங்க வெயில்ல கெடக்கற ஒடம்பு. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது.”

குழம்பில் உப்புக் கம்மி என்பதுபோல் சொன்னாள். இருசம்மாள் பத்து வருஷமாக இவர்கள் கொல்லையில் களையெடுக்கிறாள், கதிர் அறுக்கிறாள். அவளுக்கு இன்றுவரை பேப்பர் கப்பில்தான் டீ. வீட்டு டம்ளர் தீட்டுப்பட்டுவிடும். இந்த வீட்டிலிருந்து கைநீட்டி அவளுக்குக் கொடுத்த முதல் நல்ல சாமான், மகள் முகத்தை உரித்தெடுத்த இந்த விஷம்.

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு தேவிப்ரியா வெளியே இறங்கினாள். கொல்லையைத் தாண்டினால் இருசம்மாளின் தெரு. இருபத்தாறு வயதில் முதல்தடவையாக அந்தத் தெருவுக்குள் கால் வைத்தாள்.

வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஷாலினி திடுக்கிட்டு எழுந்தாள். கல்லூரி முடித்த பெண். அவள் முகம் பளபளவென்று இருந்தது. முதல் வாரத்தில் தேவிப்ரியா தன் கண்ணாடியில் பார்த்த அதே பளபளப்பு.

“ரெண்டே நாளுல நல்லா தெரியுதுக்கா. நீங்களும் இதப் போட்டுத்தான வெளுத்தீங்க? இன்னொரு டப்பா கெடைக்குமாக்கா?”

தேவிப்ரியா துப்பட்டாவை அவிழ்த்தாள்.

ஷாலினியின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போயிற்று. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த இருசம்மாள் அப்படியே நின்றாள். “இன்னா பாப்பா இது, யாரு பண்ணாங்க?” என்று பதறிக்கொண்டு கையைத் தூக்கினவள், பழக்கத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். தேவிப்ரியா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். காய்ப்புப் பிடித்த உள்ளங்கை பட்டதும் எரிந்தது. ஆனாலும் எடுக்கவில்லை. இருசம்மாள் வாய்விட்டு அழுதாள்.

இரண்டு நாள்தான் போட்டிருக்கிறாய், முகத்தைக் கழுவிவிடு, இனி தொடாதே என்று ஷாலினியிடம் சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டாள். அங்கேயே நின்று பிரவீன்குமாருக்குப் போன் போட்டாள். முகம் வெந்துபோயிருப்பதைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறாள், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், மண்டபம் சொல்லியாயிற்று, அன்றைக்கு நல்ல மேக்கப்காரியை வைத்துக்கொள்ளலாம் என்றான். வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

திரும்பும்போது துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளவில்லை. புங்க மரத்து நிழலிலும் கடை வாசலிலும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பாத்தி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“மூஞ்சிய மூடாமயா வந்த? யாராச்சும் பாத்தாங்களா?”

“எல்லாரும் பாத்தாங்க. மாப்ள வூட்டுக்கும் சொல்லிட்டேன், கல்யாணம் வேணாம்னு.”

பாப்பாத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் என்ன பேசும், பொண்ணுக்குத் தோல் வியாதி என்றல்லவா கதை கட்டுவார்கள் என்று புலம்பினாள். தேவிப்ரியா டப்பாவை ஒரு கவரில் போட்டுக் கட்டி, டாக்டர் சீட்டோடு பைக்குள் வைத்தாள்.

“இருசம்மா என் கன்னத்தத் தொட்டு அழுவுதும்மா” என்றாள். “நாப்பது நாளா நீயுந்தான் தொட்டுத் தடவி வுட்ட. நீ ஒரு நாளு அழுவல.”

பாப்பாத்தி எழுந்து போய், யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று தெருக்கதவைச் சாத்தினாள்.